பிட்டைத் திருப்பினால் போதுமா? ஈதர்நெட்டுக்கும் டோக்கன் ரிங்குக்கும் இடையே குழு முகவரிப் பெயர்ப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு ரூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஈதர்நெட்டில், மற்றொன்று கணினிகளை வளையமாக இணைக்கும் டோக்கன் ரிங்கில். இரு வலையமைப்புகளையும் ஒரு பெயர்ப்புப் பாலம், அதாவது ஒரு வகை ஃபிரேமை வாங்கி மற்றொரு வகை ஃபிரேமாக மாற்றி அனுப்பும் பிரிட்ஜ், இணைக்கிறது. ஒரு ரூட்டரிலிருந்து மற்றொன்றுக்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் போகிறது, பதிலும் வருகிறது. கோப்புகளும் தடையின்றி நகர்கின்றன. ஆயினும் ஓஎஸ்பிஎஃப் வழித்தட நெறிமுறையின்படி இவ்விரண்டும் ஒன்றையொன்று அண்டை ரூட்டராக ஏற்றுக்கொள்ளவில்லை. ஈதர்நெட் பக்கத்து ரூட்டர் மற்றதன் பெயரைத் தன் பட்டியலில் காட்டுகிறது, ஆனால் தொடக்க நிலையைத் தாண்டி ஓர் அடியும் நகர மறுக்கிறது. ரிங் பக்கத்து ரூட்டரின் பட்டியலோ வெறுமையாகவே இருக்கிறது.

1990களில் ஈதர்நெட்டும் டோக்கன் ரிங்கும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து இயங்கிய காலத்து அமைப்பு இது. இங்கே நான் எடுத்துக்கொண்ட கட்டடம் ஒரு மாதிரிதான். அதில் ஓடும் முகவரிகளும் விதிகளும் வெளியிடப்பட்ட தரங்களில் உள்ளவை. வழக்கமாக இந்தக் கோளாற்றைப் பார்ப்பவர் ஓஎஸ்பிஎஃப் அமைப்பிலேயே தவற்றைத் தேடுவார்: பகுதி எண் பொருந்துகிறதா, கடவுச்சொல் ஒன்றா, தன் இருப்பை அண்டைக்கு அறிவிக்கும் ஹலோ செய்திக்கான 10 வினாடியும் அண்டையை இறந்ததாகக் கொள்வதற்கான 40 வினாடியும் இரு பக்கமும் ஒன்றாக உள்ளனவா என்று. எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறு அதற்குக் கீழே, ஒரே செய்தியைப் பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்பப் பயன்படும் குழு முகவரியில் இருக்கிறது. தனி முகவரியைப் பெயர்க்கப் பயன்பட்ட அதே எளிய முறையைக் குழு முகவரிக்கும் பயன்படுத்தியதே இதன் காரணம் என்பதும், அந்த முறை போதாமல் போனதற்கு வேர் ஒரு சிப்பின் உள்ளே இருந்த இடப் பற்றாக்குறை என்பதும் இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவன.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. பதினாறடிமான எண்களின் ஆறு எழுத்துகளையும் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே எழுதுகிறேன். ஈதர்நெட் வரிசையில் எழுதும் முகவரிக்கு இடைக்கோட்டையும், பிட் திருப்பிய டோக்கன் ரிங் வரிசைக்கு முக்காற்புள்ளியையும் இடுவது ஐஇஇஇ 802 தரத்தின் வழக்கம். அதையே இங்கும் பின்பற்றுகிறேன்.

தனி முகவரி ஏன் சிக்கலின்றிக் கடக்கிறது

ஈதர்நெட், டோக்கன் ரிங் இரண்டிலும் கார்டின் முகவரி 48 பிட் நீளம் உடையது. இரண்டிலும் முதலில் கம்பியில் ஏறும் பிட், இது தனி முகவரியா குழு முகவரியா என்பதைச் சொல்கிறது. வேறுபாடு ஒன்றே: ஈதர்நெட் ஒவ்வொரு பைட்டையும் அதன் கடைசி பிட்டிலிருந்து அனுப்பத் தொடங்குகிறது, டோக்கன் ரிங் முதல் பிட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒரு பக்கம் 01 என்று படிக்கப்படும் பைட் மறு பக்கம் 80 என்று படிக்கப்படும். பாலம் செய்ய வேண்டியது ஒவ்வொரு பைட்டிலும் எட்டு பிட்டுகளைத் தலைகீழாக அடுக்குவது மட்டுமே. ஒளியிழையில் இயங்கும் எஃப்டிடிஐ வலையமைப்பும் டோக்கன் ரிங்கைப் போலவே முதல் பிட்டிலிருந்து அனுப்புகிறது. ஈதர்நெட்டுக்கும் அதற்கும் இடையிலான பாலங்களில் குழு முகவரிக்கும் இதே திருப்பல் போதுமானதாக இருந்தது.

ஏஆர்பி செய்தியில்தான் முதல் எச்சரிக்கை தெரிகிறது. ஐபி முகவரிக்குரிய கார்டு முகவரியைக் கேட்டறியும் அந்தச் செய்தி, கார்டு முகவரியைத் தலைப்பில் மட்டுமல்லாமல் தன் உள்ளடக்கத்திலும் சுமக்கிறது. டோக்கன் ரிங் வழக்கப்படி அங்கேயும் முகவரி திருப்பிய வரிசையிலேயே எழுதப்படுவதால், தலைப்பை மட்டும் திருப்பும் பாலத்தின் வழியாக வந்த ஏஆர்பி பதிலைப் பெறும் ஈதர்நெட் கணினி, இல்லாத ஒரு முகவரியைக் குறித்துவைத்துக்கொள்ளும். எஃப்டிடிஐயில் இந்தத் தொல்லை எழவில்லை. 1993 ஜனவரியில் வெளிவந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1390, ஏஆர்பிக்குள் முகவரி ஈதர்நெட் வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. டோக்கன் ரிங்கை இணைக்கும் பாலமோ ஏஆர்பி செய்தியைத் திறந்து உள்ளே கை வைத்தாக வேண்டும். நம் மாதிரிக் கட்டடத்துப் பாலம் அதைச் செய்கிறது, அதனால்தான் பிங் போகிறது. பாலம் ஏற்கெனவே உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்கிறது என்ற இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

இரு வகைக் குழுக்கள்

ஈதர்நெட்டில் குழு முகவரி ஒரு பெயரைப் போன்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் வடிவமைத்து, 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 ஆக வெளிவந்த ஐபி மல்டிகாஸ்ட் (ஒரு பாக்கெட்டை ஒரு குழு முழுவதற்கும் அனுப்பும் முறை) விதிப்படி, 224 முதல் 239 வரை தொடங்கும் ஐபி குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் 01-00-5இ என்ற முன்னொட்டுடன் சேர்ந்து ஈதர்நெட் குழு முகவரியாகின்றன. ஓஎஸ்பிஎஃப் ஹலோ செய்தி செல்லும் 224.0.0.5 என்ற குழு, கம்பியில் 01-00-5இ-00-00-05 ஆகிறது.

ஐபி குழு முகவரியில் மாறக்கூடிய பிட்டுகள் 28. ஈதர்நெட்டில் கிடைத்த இடம் 23. மீதி 5 பிட்டுகள் கைவிடப்பட்டதால் 32 ஐபி குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 28 பிட்டும் பொருந்துவதற்கு அடுத்தடுத்த 16 முன்னொட்டுகளை வாங்க டீரிங் விரும்பினார் என்றும், ஒன்றின் விலை 1,000 டாலராக இருந்ததால் இணைய எண் ஒதுக்கீட்டைக் கவனித்த ஜான் போஸ்டல் ஒன்றே ஒன்றை வாங்கி அதிலும் பாதியைத்தான் கொடுத்தார் என்றும் இத்துறையினரிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படியாயினும் கிடைத்தது 83,88,608 தனித்தனிக் குழு முகவரிகள். இது ஒரு கட்டடத்துக்கு எந்நாளும் தீராத எண்ணிக்கை.

டோக்கன் ரிங்கில் நிலைமை வேறு. ஐபிஎம் 1985இல் சந்தைக்குக் கொண்டுவந்து, ஐஇஇஇ 802.5 என்று தரப்படுத்தப்பட்ட அந்த வலையமைப்பிலும் விதிப்படி 48 பிட் குழு முகவரி உண்டு. ஆனால் அக்காலக் கார்டுகள் பலவற்றில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்380 சிப் தொகுப்பு, ஒரே ஒரு குழு முகவரியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு கணினி இரண்டு மல்டிகாஸ்ட் குழுக்களில் சேர விரும்பினால் இரண்டாவதற்கு இடமில்லை.

அதற்குப் பதிலாக டோக்கன் ரிங் தந்தது செயற்பணி முகவரி. இதில் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் சி0:00 ஆக இருக்கும். மீதி நான்கு பைட்டுகளில் 31 பிட்டுகள் 31 பணிகளைக் குறிக்கின்றன, ஒவ்வொரு பிட்டும் ஒரு பணி. வளையத்தைக் கண்காணிக்கும் கணினிக்குக் கடைசி பிட், வளைய அளவுருக்களைத் தருவதற்கு அதற்கு முந்தைய பிட், நெட்பயாஸ் நெறிமுறைக்கு சி0:00:00:00:00:80 என்று இவை வகுக்கப்பட்டிருந்தன. கார்டு தனக்குரிய பணிகளின் பிட்டுகளை ஒரு முகமூடியாக வைத்துக்கொண்டு, வரும் ஃபிரேமின் பிட்டுகளுடன் ஒப்பிட்டு, ஒன்றாவது பொருந்தினால் ஏற்றுக்கொள்ளும். மின்சுற்றுக்கு இது மிக எளிய வேலை. ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று பிட்டுகளை எழுப்பி இரண்டு மூன்று பணியாளர்களை ஒருசேர அழைக்கவும் முடியும். வளையத்தின் சொந்த நிர்வாகத்துக்காக யோசித்து வைக்கப்பட்ட நல்ல ஏற்பாடு இது என்றே நான் கருதுகிறேன். 28 பிட் பெயர்வெளி கொண்ட ஒரு நெறிமுறை வந்து இதன் வாசலில் நிற்கும் என்று இதை வகுத்தவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஈதர்நெட்டில் குழு என்பது ஒரு பெயர், டோக்கன் ரிங்கில் அது ஒரு பொத்தான். பெயர்கள் எண்பத்து மூன்று லட்சத்துக்கும் மேல், பொத்தான்கள் முப்பத்தொன்று.

ஒரு பொத்தானில் எல்லாக் குழுக்களும்

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்தின் ஒலி, மல்டிகாஸ்ட் வழியாகப் பல இடங்களுக்கு ஒலிபரப்பானது. இத்தகைய பயன்பாடுகள் வளரத் தொடங்கியபோது டோக்கன் ரிங்கில் ஐபி மல்டிகாஸ்டை எப்படி ஏற்றுவது என்பதற்கு விடை தேவைப்பட்டது. 1993 ஜூனில் வெளிவந்த ஆர்எஃப்சி 1469 அந்த விடையைத் தந்தது: எல்லா ஐபி மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளும், எந்தக் குழுவுக்கானவையாயினும், சி0:00:00:04:00:00 என்ற ஒரே செயற்பணி முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும். அதைக் கையாள இயலாத கருவிகள் எல்லாருக்குமான எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப் முகவரியைப் பயன்படுத்தலாம்.

வளையத்துக்குள் மட்டும் பார்த்தால் இது நியாயமான தீர்வு. மல்டிகாஸ்டில் ஈடுபடாத கணினிகள் தொந்தரவின்றி இருக்கும். ஈடுபடும் கணினி, தான் சேராத குழுக்களின் பாக்கெட்டுகளையும் வாங்கி, ஐபி முகவரியைப் பார்த்து மென்பொருளில் கழித்துவிட வேண்டும். அந்தச் சுமை இருந்தாலும் பிழை இல்லை.

பிழை பாலத்தில் தொடங்குகிறது. நம் ஈதர்நெட் ரூட்டர் அனுப்பும் ஹலோ, 01-00-5இ-00-00-05 என்ற முகவரியோடு பாலத்துக்கு வருகிறது. பாலம் தனி முகவரிக்குச் செய்ததையே இதற்கும் செய்து, பிட்டுகளைத் திருப்பி, 80:00:7ஏ:00:00:ஏ0 என்று வளையத்தில் விடுகிறது. இது எண்கணித வகையில் முற்றிலும் சரி. ஆனால் வளையத்தில் எந்தக் கார்டும் அந்த முகவரிக்குக் காதுகொடுத்துக் காத்திருக்கவில்லை. ஃபிரேம் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாராலும் எடுக்கப்படாமல் பாலத்துக்கே திரும்பி அழிகிறது.

எதிர்த்திசையில், ரிங் ரூட்டர் சி0:00:00:04:00:00க்கு அனுப்பும் ஹலோவைப் பாலம் திருப்பினால் 03-00-00-20-00-00 ஆகிறது. ஈதர்நெட் ரூட்டர் 01-00-5இ-00-00-05க்குக் காத்திருக்கிறது, இதைத் தொடாது. அப்படியானால் இரு பக்கமும் பட்டியல் வெறுமையாக அல்லவா இருக்க வேண்டும்? நம் கட்டடத்தில் ஒரு பக்கம் மட்டும் பெயர் தெரிந்ததற்குக் காரணம், ரிங் ரூட்டர் செயற்பணி முகவரியைப் பயன்படுத்தாமல் எல்லாருக்குமான முகவரிக்கு ஹலோவை அனுப்புவதே. சிஸ்கோ ரூட்டர்களில் அதுவே இயல்பான அமைப்பு. செயற்பணி முகவரி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். நாற்பத்தெட்டு பிட்டும் ஒன்றாக இருக்கும் முகவரியை எப்படித் திருப்பினாலும் அது அதுவாகவே இருக்கும் என்பதால் அந்த ஹலோ பாலத்தைக் கடந்துவிடுகிறது. ஈதர்நெட் ரூட்டர் அதை ஏற்கிறது, ஆனால் அதற்குள் தன் பெயர் இல்லாததைக் கண்டு தொடக்க நிலையில் காத்திருக்கிறது. ரிங் ரூட்டர் மறுமொழியைக் கேட்டதே இல்லை, ஆகவே பெயரை எழுத வழியும் இல்லை. ஒரு பக்கம் தொடக்க நிலை, மறு பக்கம் வெறுமை என்ற இந்தச் சமச்சீரின்மை, குழு முகவரி ஒரு திசையில் மட்டும் கடக்கிறது என்பதற்கு நம்பத்தக்க அடையாளம். பிங் வெற்றி பெற்றதை வைத்துக் கீழடுக்கு நலமாக உள்ளது என்று முடிவுகட்டியதே தேடலைத் திசைதிருப்பியது.

போவது எளிது, திரும்புவது அரிது

ஈதர்நெட்டிலிருந்து வளையத்துக்குப் போகும் திசைக்கு மருந்து எளிது. 01-00-5இ என்று தொடங்கி அடுத்த பிட் சுழியாக உள்ள எந்த முகவரியையும் சி0:00:00:04:00:00 ஆக்கு என்று ஒரே ஒரு விதியைப் பாலத்தின் பட்டியலில் எழுதினால் போதும். பாக்கெட்டைத் திறக்கத் தேவையில்லை.

திரும்பும் திசையில்தான் உண்மையான இடர்ப்பாடு. வளையத்திலிருந்து சி0:00:00:04:00:00க்கு ஒரு ஃபிரேம் வருகிறது. எண்பத்து மூன்று லட்சம் ஈதர்நெட் முகவரிகளில் எது இதற்கு உரியது? முகவரியில் விடை இல்லை. எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடைத்தபோது அந்தத் தகவல் முகவரியிலிருந்து நீங்கிவிட்டது. எல்லாருக்குமான முகவரிக்கு மாற்றிவிடலாம் என்பது ஒரு வழி. பாக்கெட் சேர்ந்துவிடும். ஆனால் வளையத்தில் ஒருவர் ஒளிபரப்பும் காணொளி ஒன்று, ஈதர்நெட்டில் உள்ள ஒவ்வொரு கணினியின் செயலியையும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தட்டி எழுப்பும். எதைத் தவிர்க்க மல்டிகாஸ்ட் உருவானதோ அதுவே மறுபடி நேர்கிறது.

மேலும், அந்த ஃபிரேம் ஐபியா என்பதே உறுதியில்லை. 31 பொத்தான்களை எல்லா நெறிமுறைகளும் பங்கிட்டுக்கொண்டதன் விளைவு இது. ஆப்பிள் கணினிகளின் ஆப்பிள்டாக் நெறிமுறை ஈதர்நெட்டில் தன் மண்டலங்களுக்கு 253 குழு முகவரிகளை வைத்திருந்தது. டோக்கன் ரிங்கில் அது சி0:00:00:00:08:00 தொடங்கி சி0:00:20:00:00:00 வரை 19 பிட்டுகளை எடுத்துக்கொண்டது. ஐபி மல்டிகாஸ்டின் பிட் அந்தப் பத்தொன்பதுக்குள் விழுகிறது! நாவல் நிறுவனத்தின் நெட்வேருக்கு உரிய சி0:00:00:80:00:00 என்பதும் அதற்குள்ளேயே வருகிறது. வளையத்துக் கணினிக்கு இது பெரிய தீங்கல்ல. தவறாக வந்த ஃபிரேமை அது நெறிமுறை எண்ணைப் பார்த்துத் தள்ளிவிடும். ஆனால் முகவரியை மட்டும் பார்த்துப் பெயர்க்கும் பாலம், ஆப்பிள்டாக் மண்டலச் செய்தியை ஐபி குழுவாகவோ ஐபி செய்தியை மண்டலமாகவோ மாற்றி அனுப்பிவிடக்கூடும். அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒரே ஃபிரேமில் இரண்டு பிட்டுகள் எழுப்பப்பட்டிருந்தால் ஈதர்நெட்டில் அதற்கு இரண்டு படிகள் போக வேண்டியிருக்கும் என்பதும், ஒரு பதிவுக்கு ஒரு முகவரி என்று எழுதப்பட்ட பட்டியலால் அதைச் சொல்ல இயலாது என்பதும் இதே சிக்கலின் இன்னொரு கிளை.

ஆகவே எஞ்சும் வழி, பாக்கெட்டைத் திறந்து உள்ளே உள்ள ஐபி முகவரியைப் படித்து, அதிலிருந்து ஈதர்நெட் குழு முகவரியைப் புதிதாகக் கணக்கிடுவதே. இதற்கு மரபான ஒரு மறுப்பு உண்டு: பாலம் என்பது கார்டு முகவரியைப் பார்க்கும் இரண்டாம் அடுக்குக் கருவி, ஐபி முகவரி உள்ள மூன்றாம் அடுக்கை அது பார்க்கலாகாது என்பார்கள். இந்த மறுப்பை இவ்விடத்தில் நான் ஏற்கவில்லை. டோக்கன் ரிங்கில் ஐபி பாக்கெட்டுக்கு முன்னால் 8 பைட் கொண்ட ஒரு தலைப்பு இருக்கிறது, ஈதர்நெட்டில் வழக்கமாக அது இல்லை. பெயர்ப்புப் பாலம் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த 8 பைட்டைப் படித்து, நெறிமுறை எண்ணை எடுத்து, ஈதர்நெட் வடிவில் மறுபடி எழுதுகிறது. ஏஆர்பி செய்தியையோ முழுவதுமாகத் திறந்து திருத்துகிறது. இவ்வளவும் செய்யும் கருவி, நெறிமுறை எண் 0800 என்று கண்டபின், ஐபி தலைப்பின் 17ஆம் பைட் முதல் 20ஆம் பைட் வரை உள்ள சேருமிட முகவரியைப் பார்த்து, அதன் முதல் நான்கு பிட்டுகள் 1110 ஆக இருந்தால் கடைசி 23 பிட்டுகளை 01-00-5இக்குப் பின் ஒட்டுவது எந்தத் தூய்மையையும் புதிதாகக் கெடுத்துவிடாது. அந்தத் தூய்மை ஏஆர்பியிலேயே போய்விட்டது. இதைச் செய்ய மனமில்லையென்றால், பாலத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு ரூட்டரை வைப்பதே நேர்மையான தீர்வு. ரூட்டர் ஒவ்வொரு பக்கத்திலும் ஐபி முகவரியிலிருந்தே கார்டு முகவரியைப் புதிதாக உண்டாக்குகிறது என்பதால் பெயர்ப்பு என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

வெறும் பிட் திருப்பலே போதுமானதாக இருந்த ஓர் இடமும் உண்டு. நெட்பயாஸ் செய்திகள் டோக்கன் ரிங்கில் சி0:00:00:00:00:80க்குச் செல்கின்றன, ஈதர்நெட்டில் 03-00-00-00-00-01க்கு. இரண்டாவது முதலாவதன் பிட் திருப்பிய வடிவமேயன்றி வேறில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிட் வரிசை அமைந்துவிட்டதால், எந்தப் பட்டியலும் இல்லாத பாலமும் அதைச் சரியாகக் கடத்தியது. நெட்பயாஸ் ஒழுங்காகப் போவதைக் கண்ட ஒருவர், ஐபி மல்டிகாஸ்டும் அப்படியே போகும் என்று எண்ணியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பின்னர் வந்தவை

ஐபி 6ஆம் பதிப்பு இந்த அனுபவத்தைக் கணக்கில் கொண்டது. ஈதர்நெட்டில் 33-33 என்ற முன்னொட்டுக்குப் பின் குழு முகவரியின் கடைசி 32 பிட்டுகளை வைத்தார்கள். 1998 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2470, டோக்கன் ரிங்குக்கு ஒன்றுக்குப் பதிலாகப் பத்துப் பொத்தான்களை ஒதுக்கியது: எல்லாக் கணினிகளுக்கும் ஒன்று, எல்லா ரூட்டர்களுக்கும் ஒன்று, மற்ற குழுக்களுக்கு அவற்றின் கடைசி மூன்று பிட்டுகளைப் பொறுத்து எட்டு. அண்டைக் கணினியின் முகவரியைக் கேட்கும் செய்திகளே குழு முகவரிக்குச் செல்லும் அந்தப் பதிப்பில், ஒவ்வொரு கார்டும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வினாக்களை மட்டுமே கேட்கும்படி இது செய்தது. சுமை குறைந்தது. ஆனால் எட்டுப் பொத்தான்களிலிருந்து 32 பிட்டை மீட்கும் வழி இதிலும் இல்லை.

தரவைச் சிறு செல்களாக அனுப்பும் ஏடிஎம் வலையமைப்பில் பொதுக் கம்பியே இல்லாததால், 1996இல் வந்த ஆர்எஃப்சி 2022 குழு முகவரியை ஒரு முகவரியாக மாற்றாமல், மார்ஸ் என்ற வழங்கியைக் கொண்டு உறுப்பினர்களின் தனி முகவரிப் பட்டியலாகவே மாற்றியது.

டோக்கன் ரிங் மறைந்துவிட்டது. 28க்கும் 23க்கும் இடையிலான இடைவெளி மட்டும் இன்றைய ஈதர்நெட் சுவிட்சுகளில் அப்படியே உள்ளது. 224.0.0.5க்கும் 239.128.0.5க்கும் ஒரே கார்டு முகவரி என்பதால், காணொளிக்கு 239.128.0.5 என்ற குழுவைத் தேர்ந்தெடுத்தவரின் பாக்கெட்டுகள், வழித்தடச் செய்திகளுக்காக எப்போதும் திறந்தே வைக்கப்பட்டிருக்கும் முகவரியில் விழுந்து, யார் கேட்டார் யார் கேட்கவில்லை என்ற வேறுபாடின்றிச் சுவிட்சின் எல்லா வாசல்களுக்கும் பரவும். அதிவேகக் கணினித் தொகுதிகளை இணைக்கும் இன்ஃபினிபேண்ட் வலையமைப்பின் குழு முகவரி 128 பிட் நீளமுடையது. 2006இல் வந்த ஆர்எஃப்சி 4391 அதற்குள் 28 பிட்டுகளையும் குறைவின்றி வைத்தது. அங்கிருந்து ஈதர்நெட்டுக்குப் போகும் வழியில் நின்று பெயர்க்கும் கருவி 5 பிட்டை உதிர்த்துவிட்டுப் போகலாம். ஈதர்நெட்டிலிருந்து அங்கே திரும்பும் வழியில், உதிர்த்த 5 பிட்டைத் தேடி அது மறுபடியும் ஐபி தலைப்பின் 17ஆம் பைட்டைத்தான் பார்க்க வேண்டும்.